முதல் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்: குறைந்த விலையில் எதைப் பார்த்து வாங்குவது?

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடையின் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு, ஒன்றின் விலைச்சீட்டில் 400 டாலரும் அதன் பக்கத்தில் இருப்பதில் 2,000 டாலரும் எழுதியிருப்பது ஏன் என்று விளங்காது. இரண்டிலும் எஃகுக் குழலும் கட்டையும் இருக்கும், இரண்டும் ஒரே தோட்டாவைச் சுடும், இரண்டுமே மானை வீழ்த்தும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை ஏறக்குறைய முழுவதும் நின்றுவிட்டதால், அங்கிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறிய தமிழர் ஒருவர் இந்த விளையாட்டில் ஆர்வம் கொள்ளும்போது, இதைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் அப்பாவோ மாமாவோ இருப்பதில்லை. உள்ளூர் அமெரிக்கச் சிறுவன் பத்து வயதில் தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதை இவர் முப்பத்தைந்து வயதில் தானாகத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. அவரை மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

போல்ட் என்பது நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போன்றது. தாழ்ப்பாளின் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் கதவு திறக்கிறது. முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்கிறது. ரைஃபிளிலும் அதே நான்கு அசைவுகள்தாம். கைப்பிடியைத் தூக்கும்போது போல்ட்டின் முனையில் உள்ள பூட்டுப் பற்கள் தம் பள்ளங்களிலிருந்து விலகுகின்றன. பின்னால் இழுக்கும்போது, சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக்கூடு ஒரு கொக்கியில் மாட்டி வெளியே தெறிக்கிறது. முன்னால் தள்ளும்போது தோட்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா குழலின் அறைக்குள் செல்கிறது. கைப்பிடியை மடக்கியதும் பற்கள் மீண்டும் எஃகில் பூட்டிக்கொண்டு, தோட்டா வெடிக்கும்போது எழும் பெரும் அழுத்தத்தைத் தாங்கத் தயாராகின்றன. ஒவ்வொரு தோட்டாவுக்கும் சுடுபவரின் கையே இந்த வேலையைச் செய்வதால், தானியங்கும் துப்பாக்கிகளில் உள்ள வாயுக் குழாய்களும் கூடுதல் அசையும் பாகங்களும் இதில் தேவைப்படுவதில்லை. பாகங்கள் குறைவாக இருப்பதால்தான் இவ்வகை ரைஃபிளை மலிவாகவும், அதே சமயம் துல்லியமாகவும் செய்ய முடிகிறது.

இந்த அமைப்பு புதியதன்று. ஜெர்மனியின் பவுல் மவுசர் 1898இல் முழுமைப்படுத்திய வடிவமே இன்றைய வேட்டை ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை. அமெரிக்காவில் 1936இல் வெளிவந்த வின்செஸ்டர் மாடல் 70 அந்த வடிவத்தைத் தழுவிய அழகான, ஆனால் கைவேலை மிகுந்த துப்பாக்கி. பிறகு வந்த கதை முழுவதும் செலவைக் குறைக்கும் கதைதான். 1958இல் சாவேஜ் நிறுவனம் மாடல் 110ஐக் கொண்டுவந்தபோது, குழலை உடலோடு பொருத்தும் இடத்தில் ஒரு பெரிய மரையை வைத்தது. தோட்டா உட்காரும் இடைவெளியை அளவுக்கட்டை ஒன்றை வைத்துச் சரிபார்த்து, அந்த மரையை இறுக்கினால் வேலை முடிந்துவிடும். தேர்ந்த கைவினைஞர் ஒருவர் ஒவ்வொரு துப்பாக்கியாகச் செதுக்கிப் பொருத்த வேண்டியதில்லை. 1962இல் வந்த ரெமிங்டன் 700இன் உடல் உருளை வடிவில் இருந்ததால் அதைக் கடைவது எளிதாயிற்று. இந்த இரு யோசனைகளோடு கணினி கட்டுப்படுத்தும் கடைசல் எந்திரங்களும் வார்ப்பு நெகிழிக் கட்டைகளும் சேர்ந்தபோது, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இன்றைய மலிவு ரைஃபிள்கள் பிறந்தன. 2010இல் எட்ஜ் என்ற பெயரில் வந்து ஓராண்டில் ஆக்ஸிஸ் எனப் பெயர் மாறிய சாவேஜின் துப்பாக்கியும், 2012இல் சந்தைக்கு வந்த ரூகர் அமெரிக்கனும் அவற்றில் முக்கியமானவை. ஆகவே குறைந்த விலைக்குக் காரணம் பெரும்பாலும் வேலைப்பாட்டின் எளிமையே. குழலின் தரம் அதே அளவுக்குக் குறைவதில்லை. மெருகேற்றிய வால்நட் மரக்கட்டையும், நீலப் பளபளப்பு ஏறிய எஃகும், வெண்ணெய்போல வழுக்கும் போல்ட்டும் வேண்டுமென்றால்தான் விலை ஏறுகிறது. அவை விரும்பத்தக்கவை என்பதில் ஐயமில்லை; ஆனால் முதல் துப்பாக்கிக்கு அவை அவசியமில்லை என்பதே என் உறுதியான கருத்து.

இனி, துல்லியம் என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். விளம்பரங்கள் அதிகம் பேசுவதும் தொடக்கநிலையாளர் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். ரைஃபிளின் துல்லியத்தை எம்ஓஏ என்ற கோண அளவால் சொல்வார்கள். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான இந்தக் கோணம் 100 கெஜ தூரத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலமாகவும், 200 கெஜத்தில் இரண்டு அங்குலமாகவும் விரியும். ஒரு எம்ஓஏ துப்பாக்கி என்றால், அதை அசையாமல் வைத்துச் சுட்டால் 100 கெஜத்தில் விழும் துளைகள் ஓர் அங்குல வட்டத்துக்குள் அடங்கும் என்று பொருள். இப்போது மானை எண்ணிப் பாருங்கள். வெள்ளைவால் மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல அகலம். இரண்டு எம்ஓஏ துப்பாக்கி 200 கெஜத்தில் நான்கு அங்குலமே சிதறும். அது வேட்டைக்குத் தாராளமாகப் போதும். தவறு துப்பாக்கியில் அரிதாகவும், சுடுபவரின் மூச்சிலும் விரலிலும் நிற்கும் நிலையிலும் அடிக்கடியும் நேர்கிறது. மேலும், மூன்று தோட்டாக்களை மட்டும் சுட்டு, அவற்றில் மிகச் சிறிய வட்டத்தைப் படம்பிடித்துக் காட்டுவது ஒரு வழக்கம். மூன்று தோட்டாக்களில் அதிர்ஷ்டம் பங்கேற்கும். பத்துத் தோட்டாக்களைச் சுட்டால்தான் துப்பாக்கியின் உண்மைக் குணம் தெரியும், அப்போது வட்டம் எப்போதும் பெரிதாகவே இருக்கும்.

வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் ஒரே துப்பாக்கியை வாங்க நினைப்பவர் இங்கே ஓர் உண்மையான முரணைச் சந்திக்கிறார். வேட்டைக்காரர் நாள் முழுவதும் மலையேறித் துப்பாக்கியைத் தோளில் சுமந்து, கடைசியில் ஒரே ஒரு தோட்டாவைச் சுடுவார். அவருக்கு மெல்லிய குழலுடன் மூன்று கிலோவுக்குள் அடங்கும் துப்பாக்கி வேண்டும். இலக்குச் சுடுபவரோ மேசையில் உட்கார்ந்தோ தரையில் படுத்தோ ஐம்பது தோட்டாக்களைச் சுடுவார். மெல்லிய குழல் நான்கைந்து தோட்டாக்களிலேயே சூடேறிவிடும், சூட்டில் குழல் நெளிந்து துளைகள் விலகத் தொடங்கும், தோளும் வலிக்கும். கனத்த குழல் வெப்பத்தைத் தாங்கும், அதன் எடையே உதைப்பையும் விழுங்கிக்கொள்ளும். ஆனால் நான்கரை கிலோவுக்கு மேற்பட்ட அந்தப் பாரத்தைக் காட்டுக்குள் இரண்டு மைல் சுமந்து செல்ல யாரும் விரும்பமாட்டார்கள். இரண்டையும் முழுமையாக நிறைவு செய்யும் துப்பாக்கி இல்லை. தொடக்கநிலையாளர் நடுத்தரக் கனமுள்ள குழலையோ சாதாரண வேட்டைக் குழலையோ எடுத்துக்கொண்டு, சுடுதளத்தில் ஐந்து தோட்டாக்களுக்கு ஒருமுறை போல்ட்டைத் திறந்து வைத்துக் குழலை ஆறவிடும் பொறுமையைப் பழகிக்கொள்வதே நல்லது. மேகத்தைப்போல் இலேசான மலைத் துப்பாக்கியை முதலில் வாங்குவதுதான் பெரிய தவறு. அதன் உதைப்பு புதியவருக்குத் துப்பாக்கியின்மீதே அச்சத்தை உண்டாக்கிவிடும்.

உதைப்பைப் பற்றிய பேச்சு தோட்டாவின் தேர்வுக்கு நம்மைக் கொண்டுவருகிறது. எந்த நிறுவனத்தின் ரைஃபிள் என்பதைவிட எந்தத் தோட்டாவைச் சுடும் ரைஃபிள் என்பதே உங்கள் அனுபவத்தை அதிகம் தீர்மானிக்கும். அமெரிக்காவின் பழம்பெரும் வேட்டைத் தோட்டாவான .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு 1906இலிருந்து புழக்கத்தில் உள்ளது. எல்க் போன்ற பெரிய விலங்குகளுக்கும் ஏற்றது. ஆனால் இலேசான துப்பாக்கியில் அதன் உதைப்பு கடுமையானது. 1952இல் வந்த .308 வின்செஸ்டர் அதைவிடச் சிறிய கூட்டில் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும். எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும், குழலும் நீண்ட நாள் உழைக்கும். 1955இன் .243 வின்செஸ்டர் அந்த .308இன் கூட்டையே கழுத்தில் குறுக்கிச் செய்யப்பட்டது, அதன் உதைப்பு .30-06இன் உதைப்பில் ஏறத்தாழ பாதிதான். மானுக்குப் போதுமானது, எல்க்குக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். 2007இல் ஹார்னடி நிறுவனம் இலக்குப் போட்டிகளுக்கென்றே உருவாக்கிய 6.5 கிரீட்மோர், நீண்டு மெலிந்த தன் குண்டால் காற்றை எளிதில் கிழித்துச் செல்வதால் தொலைவிலும் வேகத்தை அதிகம் இழப்பதில்லை, பக்கக் காற்றிலும் குறைவாகவே விலகும். உதைப்பு .308ஐவிடக் குறைவு. மான் வேட்டைக்கும் நன்றாகப் பயன்படும். வேட்டை, இலக்கு இரண்டும் ஒரே துப்பாக்கியில் வேண்டும் என்று கேட்பவருக்கு இன்று நான் முதலில் சொல்வது 6.5 கிரீட்மோர், அதற்கு அடுத்தபடி .308.

உதைப்புக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், அது வலியோடு நிற்பதில்லை. ஓரிரு முறை தோளில் அடிபட்டவரின் உடல் அடுத்த அடியை எதிர்பார்த்து, விசையை அழுத்தும் அதே கணத்தில் தானாகச் சுருங்கும். கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குண்டு கீழே இறங்கிவிடும். தான் இப்படிச் செய்கிறோம் என்பது சுடுபவருக்கே தெரியாது. இந்தப் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் அதை நீக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். ஆகவே, பெரிய தோட்டாவே பாதுகாப்பானது என்று கடைக்காரர் சொன்னாலும், தொடக்கநிலையாளர் தாம் அமைதியாகச் சுடக்கூடிய தோட்டாவையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் மாநிலத்தின் வேட்டை விதிகளைப் படித்துவிடுங்கள். அவை மாநிலத்துக்கு மாநிலம் வியப்பூட்டும் அளவுக்கு மாறுபடும். கொலராடோவில் பெரிய விலங்குகளுக்கு .24 அங்குலத்துக்குக் குறைந்த விட்டமுள்ள குண்டு கூடாது. வர்ஜீனியாவில் மானுக்கான எல்லை .23 அங்குலம். எனவே மலிவானதும் சுட மிக இனிதானதுமான .223 ரெமிங்டன் இவ்விரு இடங்களிலும் மான் வேட்டைக்கு உதவாது. சமவெளியும் மக்கள் நெருக்கமும் உள்ள ஒஹையோவில் கழுத்துச் சுருங்கிய சாதாரண ரைஃபிள் தோட்டாவால் மானைச் சுடவே முடியாது. நேர்ச்சுவருள்ள கூடு கொண்ட தோட்டாக்களுக்கு மட்டுமே அனுமதி. வின்செஸ்டர் 2019இல் கொண்டுவந்த .350 லெஜண்ட் இத்தகைய மாநிலங்களை மனத்தில் வைத்துப் பிறந்ததுதான். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. ரைஃபிளில் பெரும்பாலும் செம்புக் குண்டுகளே அதற்கு மாற்று. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடையுள்ள செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். குழலின் உட்புறத்தில் திருகாக ஓடும் வரிப்பள்ளங்கள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று முடிக்கின்றன என்பதைக் குழலின்மேல் பொறித்திருப்பார்கள். 1:8 என்றால் எட்டு அங்குலத்தில் ஒரு சுற்று. அது 1:10ஐவிட வேகமானது. 6.5 கிரீட்மோருக்கு 1:8 என்பதே வழக்கமான அளவு.

கடையில் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும், முதலில் போல்ட்டைத் திறந்து அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். அதன்பின் தோளில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்தைக் கட்டையில் இயல்பாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். குறிபார்க்க உதவும் தொலைநோக்கிக் குழாயான ஸ்கோப்பின் மையத்தில் உங்கள் கண் தானாக வந்து நிற்க வேண்டும். கழுத்தை நீட்டியோ கன்னத்தைத் தூக்கியோ தேட வேண்டியிருந்தால் அந்தக் கட்டை உங்களுக்கு ஏற்றதன்று. பெரும்பாலான ரைஃபிள்களில் விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டியே இருக்கும். இது சராசரி உயரமுள்ள அமெரிக்க ஆணுக்கு ஏற்ற அளவு. நம்மில் குட்டையானவர்களுக்கும் பெண்கள் பலருக்கும் இது நீளம். சிறுவர் அளவு அல்லது சுருக்கப்பட்ட கட்டை என்று விற்கப்படுவதை வாங்க அவர்கள் தயங்கத் தேவையில்லை. அடுத்தது விசை. அது தயக்கமோ உரசலோ இன்றி, கண்ணாடிக் குச்சி முறிவதுபோலச் சட்டென விடுபட வேண்டும். சாவேஜ் 2000களின் தொடக்கத்தில் கொண்டுவந்த, சுடுபவரே அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளக்கூடிய ஆக்யூட்ரிக்கர், நல்ல விசை என்பது விலையுயர்ந்த துப்பாக்கிகளுக்கு மட்டுமே உரியது என்ற நிலையை மாற்றியது. இன்று மலிவு ரைஃபிள்களிலும் அத்தகைய விசையை எதிர்பார்க்கலாம். பிறகு, நெகிழிக் கட்டையின் முன்பகுதியைக் குழலை நோக்கி அழுத்திப் பாருங்கள். அது வளைந்து குழலைத் தொட்டால், முட்டுக்கொடுத்துச் சுடும்போது குண்டு விழும் இடம் மாறிவிடும். மலிவுத் துப்பாக்கிகளின் உண்மையான பலவீனம் குழலில் அன்று, பெரும்பாலும் இந்தக் கட்டையில்தான் இருக்கிறது.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு என் கணிப்பு இதுதான். ஏறத்தாழ 400 டாலரில் தொடங்கும் சாவேஜ் ஆக்ஸிஸ், ஆக்யூட்ரிக்கர் பொருத்தப்பட்ட வடிவில், பணத்துக்கு மிக நேர்மையான துப்பாக்கி. போல்ட் சற்றுக் கரகரக்கும், கைப்பிடியை முழுத் தொண்ணூறு பாகை தூக்க வேண்டும். ரூகர் அமெரிக்கனில் மூன்று பூட்டுப் பற்கள் இருப்பதால் எழுபது பாகை தூக்கினாலே போதும். ஸ்கோப்புக்கும் கைக்கும் நடுவே இடம் தாராளமாகக் கிடைக்கும். ஜப்பானில் செய்யப்படும் ஹோவா 1500 சற்றுக் கனமானது. அந்தக் கனமே இலக்குச் சுடுதலுக்கு உதவும். வெதர்பி நிறுவனத்தின் வேன்கார்டு ரைஃபிளுக்கும் இதே ஹோவாதான் அடிப்படை. இன்னும் சில நூறு டாலர் சேர்க்க முடிந்தால், ஃபின்லாந்தின் சாகோ ஆலையில் பிறக்கும் டிக்கா டி3எக்ஸ், அந்த விலையில் வேறெதிலும் காண முடியாத மென்மையான போல்ட்டைத் தரும். இவற்றுக்கு மேலே செல்ல முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருவருக்குக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பழைய துப்பாக்கி வாங்குவதும் நல்ல வழியே; வேட்டைத் துப்பாக்கிகள் பலவும் ஆண்டுக்கு ஒரு பெட்டித் தோட்டாகூடச் சுடாமல் அலமாரியில் உறங்கியவை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: 2006 மே மாதத்திலிருந்து 2014 ஏப்ரல் வரை எக்ஸ்-மார்க் புரோ விசையுடன் செய்யப்பட்ட ரெமிங்டன் 700 துப்பாக்கிகள், தாமாகச் சுடக்கூடும் என்ற காரணத்தால் 2014இல் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் காலத்துத் துப்பாக்கி கைக்கு வந்தால், விசை மாற்றப்பட்டதா என்பதை உறுதிசெய்யாமல் வாங்காதீர்கள்.

கையிலுள்ள பணத்தை முழுவதும் துப்பாக்கியில் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஐம்பது டாலர் ஸ்கோப் வாங்குபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெருக்கமும் 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடியும் கொண்ட சாதாரண ஸ்கோப் மான் வேட்டைக்கும் 300 கெஜம் வரையிலான இலக்குக்கும் போதும். ஆனால் உதைப்பில் தன் அளவை இழக்காத நம்பகமானதாக அது இருக்க வேண்டும். அதைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகாணிகளை, முறுக்கு அளவு காட்டும் திருப்புளியால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே இறுக்குங்கள். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொண்டுவரப்படுபவற்றில் எத்தனையோ உண்மையில் தளர்ந்த திருகாணிகளே. அதன்பின் தோட்டாச் செலவு இருக்கிறது. மான் வேட்டைத் தோட்டா ஒவ்வொன்றும் ஒரு டாலரையும் தாண்டும். .22 லாங் ரைஃபிள் தோட்டாவோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கிடைக்கும். உதைப்பே இல்லை எனலாம். இலக்குச் சுடுவதே முதன்மை நோக்கமாக உள்ளவர், .22இல் ஒரு போல்ட் ஆக்‌ஷனை முதலில் வாங்கி ஓராண்டு பழகிவிட்டுப் பெரிய துப்பாக்கிக்குப் போவது, பணத்தைச் சேமிப்பதோடு கையையும் பண்படுத்தும்.

சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள் வாங்கப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். சில மாநிலங்களில் இருபத்தொன்று. படிவம் 4473ஐ நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பில் தேற வேண்டும். நம்மவர்களில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது, செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதுகூடச் சிக்கலாகிவிடலாம் என்பதால், பச்சை அட்டை இல்லாதவர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுவது நல்லது. வேட்டை உரிமத்துக்குப் பெரும்பாலும் வேட்டைக் கல்வி வகுப்பில் தேர்ச்சி வேண்டும். கட்டாயமில்லாத நிலையிலும் அதில் சேருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால், பூட்டிய இரும்புப் பெட்டியின் விலையைத் துப்பாக்கியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டி வையுங்கள். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு புதிய ரைஃபிளிலும், 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, தயாரிப்பாளரிடம் வசூலிக்கப்படும் பதினொரு விழுக்காடு வரி அடங்கியிருக்கிறது. அது மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செல்கிறது.

துப்பாக்கி வீட்டுக்கு வந்தபின் முதல் வேலை ஸ்கோப்பைக் குழலோடு இசைப்பது. குழலின்மேல் பொறித்துள்ள தோட்டாப் பெயரும் பெட்டியின்மேல் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இதில் பிசகினால் துப்பாக்கியே வெடித்துவிடக்கூடும். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு அணிந்து, முதலில் 25 கெஜத்தில் இரண்டு தோட்டாக்களைச் சுட்டுத் தாளில் விழச் செய்து, பிறகு 100 கெஜத்துக்குச் செல்லுங்கள். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளில் திருகைத் திருப்பும்போது கேட்கும் ஒரு சொடுக்கு, குண்டு விழும் இடத்தை 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். துளைகள் இரண்டு அங்குலம் இடப்புறம் விழுந்தால் வலப்புறம் எட்டுச் சொடுக்குகள். இரண்டு மூன்று நிறுவனங்களின் தோட்டாக்களை முயன்று பாருங்கள், ஏனெனில் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு விருப்பம் உண்டு, அதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. மேசையில் சுட்டுத் திருப்தி அடைந்ததும் மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். முட்டியிட்டும், உட்கார்ந்தும், மரத்தில் சாய்ந்தும் சுட்டுப் பழகுங்கள், காட்டில் மேசை இருக்காது. ஒவ்வொரு நாளும் குழல் குளிர்ந்திருக்கும்போது சுடும் முதல் தோட்டாவை மட்டும், தூரத்துக்கு ஒன்றாக வைத்த தனித் தாளில் சுட்டு, தேதியையும் தோட்டாவின் பெயரையும் அதில் எழுதி வையுங்கள். பருவம் தொடங்கும் முன் ஒரு தாளில் சேர்ந்திருக்கும் பத்துத் துளைகளும் எட்டு அங்குலத் தட்டு ஒன்றுக்குள் அடங்கும் அதிகபட்சத் தூரம் எதுவோ, அதற்கு அப்பால் நிற்கும் மானை அந்த ஆண்டு சுடாதீர்கள்.